இந்த வருஷ மழை எப்போது பெய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்

சென்னை மண்டல வானிலை ஆய்வு மைய அதிகாரிகளுக்கும், அவர்கள் தரும் மழைக் கணக்கை வைத்து முடிவெடுக்கும் தமிழ்நாடு வருவாய்த் துறை, வேளாண் துறை அதிகாரிகளுக்கும் ஒரு மானாவாரி விவசாயியின் திறந்த மடல்.

வணக்கம்.

ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் மாதக் கடைசியில் ஒரு எண் வெளியாகிறது. வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட இத்தனை சதவீதம் அதிகம், அல்லது இத்தனை சதவீதம் குறைவு. மறுநாள் பத்திரிகைகளில் அதுதான் தலைப்பு. பிறகு கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் யாராவது எழுந்து பயிர் போய்விட்டது என்றால், "இந்த வருஷம் மழை இயல்பாகத்தானே பெய்திருக்கிறது" என்ற பேச்சுக்கும் அந்த எண்தான் ஆதாரம். அந்த எண் தவறு என்று நான் சொல்லவில்லை. அது தனியாக வருகிறது என்பதுதான் என் குறை. அதோடு இன்னும் சில எண்களையும் அதே அறிவிப்பில், அதே முக்கியத்துவத்தோடு, தமிழில் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கே இருக்கும் கரிசல் பூமி. ஆற்றுப் பாசனமும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. மக்காச்சோளம், உளுந்து, பாசி, பருத்தி, கம்பு எல்லாமே வானத்தை நம்பித்தான். புரட்டாசியில் விதைத்து, தையில் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வருஷத்துக்கு எங்களுக்கு ஒரே பட்டம்தான். அந்தப் பட்டம் தவறினால் அடுத்த புரட்டாசி வரைக்கும் கையில் ஒன்றும் இருக்காது.

முதலில் 2023-ஐ எடுத்துக்கொள்வோம். உங்கள் கணக்குப்படி அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டின் நீண்டகாலச் சராசரி சுமார் 44 செ.மீ. அந்த ஆண்டு பெய்தது அதைவிட 4 சதவீதம் அதிகம். உங்கள் வகைப்பாட்டில் சராசரிக்கு 19 சதவீதம் வரை மேலோ கீழோ இருந்தால் அது 'இயல்பு'. ஆக, 2023 ஒரு இயல்பான மழை ஆண்டு. பதிவேட்டில் அப்படித்தான் இருக்கும். இன்னும் இருபது வருஷம் கழித்து ஒரு மாணவன் அந்தப் பட்டியலைப் பார்த்தால், 2023-ல் தமிழ்நாட்டு விவசாயிக்கு நல்ல காலம் என்றுதான் நினைப்பான்.

நடந்தது என்ன? அந்த அக்டோபரில் மாநிலத்துக்குச் சராசரியாக 17 செ.மீ. பெய்திருக்க வேண்டும். பெய்தது 10 செ.மீ.கூட இல்லை, 43 சதவீதம் குறைவு. அக்டோபர் என்பது எங்களுக்குப் புரட்டாசிப் பின்பாதியும் ஐப்பசி முன்பாதியும். விதை மண்ணுக்குள் போகிற நேரம், போன விதை முளைத்து வருகிற நேரம் அதுதான். அப்புறம் டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, எங்கள் பக்கம் கோவில்பட்டியில் 53. ஒரு முழுப் பருவத்துக்கு மாநிலத்தின் சராசரியே 44 என்பதை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது உங்களுக்கும் நினைவிருக்கும். கண்மாய்கள் உடைந்தன. கதிர் முற்றி அறுப்புக்கு நின்ற மக்காச்சோளம் சாய்ந்தது. காய் பிடித்திருந்த உளுந்து நெற்றிலேயே முளைவிட்டது.

விதைக்க வேண்டிய மாதத்தில் மழை இல்லை. அறுக்க வேண்டிய மாதத்தில் ஒரு வருஷத்து மழை ஒரே நாளில். இரண்டையும் கூட்டினால் கணக்கு நேராகிவிடுகிறது! அக்டோபரில் விழுந்த பள்ளத்தை டிசம்பர் வந்து நிரப்பிவிட்டது என்று கூட்டல் சொல்கிறது. செடிக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. ஐப்பசியில் கருகிய முளைக்கு மார்கழி மழையால் ஒரு பயனும் இல்லை. அந்த மழை கண்மாயிலாவது தங்கினால் சரி என்று சொல்லலாம். ஆனால் மூன்று மாதம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால்தான் கண்மாய் பிடித்து வைக்கும். ஒரே இரவில் வந்ததைக் கரையையும் இழந்து கடலுக்குத்தான் அனுப்பியது.

பருவம் என்கிற பெட்டிக்குள் மட்டும் நடக்கிற விஷயமில்லை இது. இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தாலும் இதே கதைதான். 2015 வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் 53 சதவீதம் அதிகம். நவம்பர் மாதத்தில் மட்டும் சென்னை நுங்கம்பாக்கத்தில் நூறு செ.மீ.க்கு மேல், டிசம்பர் 1, 2-ல் தாம்பரத்தில் 49. அடுத்த வருஷமான 2016-ல் 62 சதவீதம் குறைவு. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அப்படி ஒரு மோசமான பருவத்தைப் பார்த்ததில்லை என்று பதிவுகள் சொல்லின. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. இந்த இரண்டு ஆண்டுகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது சராசரிக்கு 5 சதவீதம் குறைவு. அதாவது 'இயல்பு'. ஒரு வருஷம் மூழ்கி, மறுவருஷம் காய்ந்த மாநிலத்துக்கு அந்தச் சொல் பொருந்துமா?

அந்த 19 சதவீத வரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 44 செ.மீ.க்கு 19 சதவீதம் கீழே என்றால் சுமார் 36. மேலே என்றால் 52. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற 16 செ.மீ. என்பது கிட்டத்தட்ட ஒரு முழு அக்டோபரின் மழை. ஒரு அக்டோபர் மழை முழுதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் வகைப்பாட்டின் பெயர் மாறாது. நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பதற்காக வைத்த வரம்பு அது, புரிகிறது. டெல்லியிலிருந்து 36 வானிலை உட்பிரிவுகளை ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். விளாத்திகுளத்தில் விதைக்கலாமா என்று யோசிப்பவனுக்கும், அவனுக்கு நஷ்டம் வந்ததா என்று பார்க்கிற தாசில்தாருக்கும் அது போதாது.

இனி சராசரியைப் பற்றியே கொஞ்சம் பேச வேண்டும். இதில்தான் எனக்கு மிகவும் கவலை.

நீங்கள் இப்போது பயன்படுத்துகிற நீண்டகாலச் சராசரி 1971 முதல் 2020 வரையிலான ஐம்பது ஆண்டுகளை வைத்துப் போட்டது. அதற்கு முன் 1961 முதல் 2010. அதற்கும் முன் 1951 முதல் 2000. பத்தாண்டுக்கு ஒருமுறை இது நகர்கிறது. தென்மேற்குப் பருவத்துக்கு நாட்டின் சராசரி 89 செ.மீ.யிலிருந்து 88, பிறகு 87 என்று இறங்கி வந்ததை நானும் கவனித்திருக்கிறேன். நகர்த்துவது சரியான காரியம்தான். தாத்தா காலத்து மழையை வைத்துப் பேரனின் மழையை அளப்பது நியாயமில்லை.

ஆனால் மழை குறைந்த மாவட்டங்களில் கூட்டி வகுக்கும் சராசரி என்ன செய்யும் என்று பாருங்கள். ஒரு பேச்சுக்கு, ஒரு ஊரில் ஐந்து டிசம்பர்களில் 4, 6, 5, 3, 62 செ.மீ. பெய்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 80. சராசரி 16. ஐந்தில் நான்கு வருஷம் அந்த ஊரில் 6 செ.மீ.க்கு மேல் பெய்யவே இல்லை. ஆனாலும் அந்த ஊரின் 'இயல்பு' 16. ஒவ்வொரு சாதாரண டிசம்பரிலும் அந்த ஊருக்குப் 'பற்றாக்குறை' என்று பெயர். பெருமழை வந்த அந்த ஒரு வருஷம் மற்ற நான்கு வருஷத்தின் முகத்தையும் மாற்றிவிடுகிறது.

இது கற்பனைக் கணக்குதான். ஆனால் நிஜத்திலும் இது நடக்கப் போகிறது. அடுத்து சராசரியை 1981 முதல் 2030 என்று நகர்த்துவீர்கள். அப்போது காயல்பட்டினத்தின் அந்த 95 செ.மீ. உள்ளே வரும். ஐம்பதால் வகுத்தால் 1.9 செ.மீ. ஒரே ஒரு நாள் மழை, அந்த ஊரின் டிசம்பர் சராசரியைக் கிட்டத்தட்ட 2 செ.மீ. உயர்த்திவிடும். அதற்குப் பின்னால் வருகிற ஒவ்வொரு டிசம்பரையும் அந்த உயர்ந்த அளவோடு ஒப்பிட்டுத்தான் குறை, நிறை சொல்லப்படும். ஊரை அழித்த வெள்ளம், நாற்பது ஐம்பது வருஷத்துக்கு அந்த ஊரின் 'இயல்பான' மழையில் ஒரு பங்காக உட்கார்ந்திருக்கும்.

அதனால் சராசரியோடு நடு அளவையும் சொல்லுங்கள். ஐம்பது வருஷத்து மழையைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக வைத்தால் நடுவில் நிற்கிற அளவு. அதோடு, பத்து வருஷத்தில் எத்தனை வருஷம் இந்த மாதத்தில் சராசரியில் பாதிகூடப் பெய்யவில்லை, எத்தனை வருஷம் இரண்டு மடங்குக்கு மேல் பெய்தது என்றும் சொல்லுங்கள். ஒரு விவசாயிக்கு இதைவிடத் தெளிவான எண் கிடையாது. "உங்கள் வட்டத்தில் அக்டோபர் சராசரி இத்தனை செ.மீ." என்றால் எனக்கு அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாது. "பத்து வருஷத்தில் மூன்று வருஷம் உங்கள் வட்டத்தில் அக்டோபர் ஏமாற்றிவிடும்" என்றால், எல்லா நிலத்திலும் மக்காச்சோளம் போடுவதா, கொஞ்சம் கம்புக்கு விடுவதா என்று முடிவெடுத்துவிடுவேன். சென்னையின் மழைப் பதிவு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. மாநிலத்தின் மற்ற பல ஊர்களுக்கும் நூறாண்டுப் பதிவு உங்களிடம் இருக்கிறது. இந்தக் கணக்கைப் போட வேறு யாரிடமும் போக வேண்டியதில்லை.

அடுத்தது இடைவெளி. மானாவாரிக்காரனைக் கேட்டால் மொத்த மழையைவிட இரண்டு மழைக்கு நடுவே எத்தனை நாள் என்பதைத்தான் முதலில் சொல்வான். எங்கள் ஊரில் ஒரு உழவு மழை, இரண்டு உழவு மழை என்றுதான் இன்றைக்கும் அளக்கிறோம். மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருப்போம். விதை முளைக்க ஒரு நல்ல மழை போதும். முளைத்தது பிழைக்க அடுத்த மழை சீக்கிரம் வர வேண்டும். அரைகுறையாகப் பெய்து, விதை முளைத்த பிறகு மூன்று வாரம் வெயில் காய்ந்தால் அத்தனையும் கருகிவிடும். அழித்து மறுபடி உழுது, மறுபடி விதை வாங்கி விதைக்க வேண்டும். பயிர்க் காப்பீட்டில் பெரும்பாலும் கடைசி மகசூலைத்தான் பார்க்கிறார்கள். இரண்டாவது விதைக்கும் இரண்டாவது உழவுக்கும் ஆன செலவு அதில் எங்கேயும் தெரியாது.

மழை நாள் என்பதற்கு உங்கள் விளக்கம் 24 மணி நேரத்தில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல். கரிசல் மண்ணில் 3 மி.மீ. தூறல் மதியத்துக்குள் காய்ந்துவிடும். விதைப்புக்கு எங்களுக்கு 2 செ.மீ.க்கு மேலாவது ஒரே மூச்சில் வேண்டும். அதனால் மழை நாட்களின் எண்ணிக்கையைச் சொல்லும்போது, மண்ணை நனைக்கிற அளவு பெய்த நாட்கள் எத்தனை, அவற்றுக்கு நடுவே இருந்த மிக நீண்ட இடைவெளி எத்தனை நாள் என்பதையும் சொன்னால்தான் அந்தப் பருவத்தின் கதை முழுமையாகும்.

இது நான் புதிதாகக் கேட்பதும் இல்லை. ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2016 டிசம்பரில் வெளியிட்ட வறட்சி மேலாண்மைக் கையேடு இதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. மழை தொடங்கிய பின் மூன்று நான்கு வாரம் தொடர்ந்து, வாரச் சராசரியில் பாதிகூடப் பெய்யாவிட்டால் அதை வறண்ட இடைவெளி என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. வறட்சியை முடிவு செய்ய மொத்த மழைக் குறைவோடு இதையும் பார்க்க வேண்டும் என்கிறது. வருவாய்த் துறை அதிகாரிகளே, உங்களிடம்தான் கேட்கிறேன். கையேட்டில் இருக்கிற இந்த வரி, பருவத்துக்குப் பிறகு மாவட்டங்களில் நடக்கும் ஆலோசனைக் கூட்டங்களின் மேசைக்கு வர வேண்டும். மொத்தம் இயல்பு என்பதால் இடைவெளியைப் பார்க்காமல் கோப்பை மூடிவிடாதீர்கள்.

மாவட்டச் சராசரி என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். எங்கள் மாவட்டத்தில் வடக்கே கரிசல், தெற்கே தேரி என்கிற செம்மணல் மேடு, நடுவே தாமிரபரணிப் பாசனத்து வாழையும் நெல்லும். மூன்றும் மூன்று உலகம். மூன்றுக்கும் சேர்த்து ஒரு எண். நீலகிரியைப் பாருங்கள். 2019 ஆகஸ்ட் 8-ல் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது, தென்மேற்குப் பருவத்தில். அதே மலையின் கிழக்குப் பக்கம் இருக்கிற குன்னூர் வடகிழக்குப் பருவத்தை நம்பி இருக்கிறது. இந்த இரண்டையும் கூட்டி வரும் மாவட்ட அளவு எந்த ஊருக்கும் உரியதில்லை. மாநில அரசு 1,400 தானியங்கி மழைமானிகளை வைக்கும் திட்டத்தை எடுத்திருப்பது நல்ல செய்தி. பிர்க்கா அளவில், அதாவது சில ஊர்கள் சேர்ந்த வருவாய்க் குறுவட்ட அளவில், மழை தெரிய ஆரம்பித்தால் இந்தக் குறை பாதி தீரும். அந்த அளவுகள் அதிகாரிகளின் திரையில் மட்டும் நிற்காமல் ஊராட்சி அலுவலகப் பலகைக்கும் வர வேண்டும்.

டெல்டா விவசாயிகள் சார்பாகவும் ஒன்று சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவக் கணக்கு டிசம்பர் 31-ஓடு முடிகிறது. வானம் அன்றைக்கு முடித்துக்கொள்வதில்லை. 2021 ஜனவரியில் மழை விடாமல் பெய்து, அறுப்புக்கு நின்ற சம்பா நெல் வயலிலேயே சாய்ந்து முளைத்தது. சாதாரணமாக ஜனவரி முழுக்க மாநிலத்தில் ஒன்றிரண்டு செ.மீ. பெய்தாலே அதிகம். அந்த ஆண்டு அதைப்போலப் பல மடங்கு. பருவமழை விலகியதாக அறிவிப்பு வந்ததும் ஜனவரி மூன்றாம் வாரத்தில்தான். ஆனால் அந்த மழை 2020 வடகிழக்குப் பருவத்தின் மொத்தக் கணக்கில் சேராது. குளிர்காலம் என்ற வேறு தலைப்பில் போய் உட்காரும். சம்பா பயிரை விதைப்பிலிருந்து அறுப்பு வரை ஒரே ஆயுளாகப் பார்க்காமல் நடுவில் நாட்காட்டியால் வெட்டிவிட்டால், அந்தப் பயிரைக் கொன்ற மழை எந்தப் பருவத்தின் பட்டியலிலும் தெரியாமல் போகும். பருவக் கணக்கை மாற்றச் சொல்லவில்லை. அது ஆராய்ச்சிக்கு வேண்டும். அதோடு பயிர்ப் பட்டத்தின்படியும் ஒரு கணக்கு போடுங்கள். குறுவைக்கு, சம்பாவுக்கு, புரட்டாசி மானாவாரிக்கு என்று தனித்தனியாக, விதைப்பு, பூப்பு, அறுப்பு என்ற மூன்று கட்டத்துக்கும் எவ்வளவு பெய்தது என்று. இதற்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் துறையும் உங்களோடு உட்கார வேண்டும். செவ்வாய், வெள்ளிகளில் வருகிற வேளாண் வானிலை அறிக்கையை ஏற்கெனவே சேர்ந்துதானே தயாரிக்கிறீர்கள்.

உங்கள் பணியைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. புயல் நேரத்தில் ராத்திரி பகலாக நீங்கள் தரும் எச்சரிக்கையால் எத்தனையோ மீனவக் குடும்பங்கள் பிழைத்திருக்கின்றன. தினசரி, வாராந்தர மழை அளவுகள், மாவட்ட அட்டவணைகள் எல்லாம் உங்கள் தளத்தில் இருக்கின்றன என்பதும் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில், பலருக்குப் பிடிபடாத அட்டவணைகளாக இருக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு பக்கத்துச் செய்தியை எடுத்துத் தர உங்களால் மட்டும்தான் முடியும். நீங்கள் எந்த எண்ணை முன்னால் வைக்கிறீர்களோ அதைத்தான் பத்திரிகை எழுதும், அதைத்தான் அமைச்சர் பேசுவார்.

அதனால் பருவ முடிவில் வரும் அறிக்கையில், மொத்தச் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றையும் தனித்தனியாகப் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் சராசரி, நடு அளவு, கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்த மாதம் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதும் இருக்கட்டும். அந்த மாதத்தின் மழையில் எத்தனை பங்கு ஒரே நாளில் பெய்தது என்பதையும் சேருங்கள். அந்த ஒரு எண் இருந்திருந்தால் 2023-ஐ யாரும் 'இயல்பு' என்று கடந்துபோயிருக்க மாட்டார்கள். வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேதம் கணக்கெடுக்க உத்தரவிடும்போது, மாவட்ட மொத்தத்தை விட்டுவிட்டு பிர்க்கா மழையையும் இடைவெளி நாட்களையும் அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு சேதம் இருந்தாலே நிவாரணம் என்று 2015 முதல் விதி இருக்கிறது. அந்த மூன்றில் ஒரு பங்கை நிரூபிக்க இப்போது விவசாயியின் வாய்வார்த்தையும் அதிகாரியின் கண்ணும்தான் இருக்கின்றன. மழைக் கணக்கும் பக்கத்தில் வந்து நின்றால் இரண்டு பேருக்குமே நல்லது.

இவை எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்துவிட முடியாது என்று தெரியும். ஒன்றை மட்டும் இந்த ஆண்டே செய்யலாம். ஒவ்வொரு வட்டத்துக்கும் கடந்த ஐம்பது அக்டோபர்களின் மழையை, வருஷவாரியாக ஒரு பக்கத்தில் அச்சிட்டு, வேளாண் விரிவாக்க மையங்களில் ஒட்டுங்கள். செப்டம்பர் முதல் வாரத்துக்குள் அது வந்துவிட்டால், புழுதியில் விதைப்பதா, முதல் மழையைப் பார்த்துவிட்டு விதைப்பதா என்று இந்தப் புரட்டாசியிலேயே எங்களால் யோசிக்க முடியும்.

இப்படிக்கு,
மானாவாரி விவசாயி ஒருவர்,
விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.